விலைக்கு வந்த கல்லூரி

கதை எழுதுகிறவனுக்குச் சில துர்ப்பழக்கங்கள் உண்டு. ஒரு வீட்டைப் பார்த்தால் அதன் வாசற்படியையும் திண்ணையையும் ரசிப்பதற்கு முன்னால், இந்தக் குடும்பம் யார் சம்பாத்தியத்தில் நடக்கிறது என்று யோசிப்பது அவற்றில் ஒன்று. எனக்கு அந்தப் பழக்கம் நிறைய உண்டு. கல்லூரிகளின் சரித்திரத்தைப் படிக்கும்போதும் அப்படித்தான். ஸ்தாபகரின் திருவுருவம், அஸ்திவாரக் கல், பட்டமளிப்பு விழா உபந்நியாசம் எல்லாவற்றையும் புரட்டிக்கொண்டு போய், கணக்குப் புத்தகம் எங்கே என்று தேடுவேன். அங்கேதான் கதை இருக்கும்.

அப்படித் தேடிப் போனபோது அகப்பட்டது ஓர் அமெரிக்கச் சர்வகலாசாலையின் சரித்திரம். இண்டியானா மாகாணத்தில், சிக்காகோ நகரத்துக்குத் தென்கிழக்கே சுமார் ஐம்பது மைலில், வால்பரைஸோ என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஊரின் முதல் பெயர் போர்ட்டர்ஸ்வில். கப்பற்படைத் தளபதி டேவிட் போர்ட்டர் என்பவர் 1814-ல் தென் அமெரிக்காவில் சிலி தேசத்து வால்பரைஸோ துறைமுகத்துக்கு அருகே ஒரு சண்டை போட்டார். அந்தச் சண்டையில் அவர் தோற்றுப் போனார். தோற்றால் என்ன? அவர் பெயரை மாவட்டத்துக்கும், அவர் தோற்ற இடத்தின் பெயரை ஊருக்கும் வைத்துவிட்டார்கள். "சொர்க்கப் பள்ளத்தாக்கு" என்று அதற்கு அர்த்தம். அந்த ஊர்க் கல்லூரியின் சரித்திரத்திலும் தோல்விகளுக்குக் குறைவில்லை. தோல்விக்குப் பிறகும் பெயர் நிலைத்திருப்பது அந்த மண்ணின் ராசி போலும்.

1859-ல் மெதடிஸ்டு கிறிஸ்தவர்கள் இங்கே ஒரு கல்லூரி தொடங்கினார்கள். அவர்களாகத் தேடி வந்துவிடவில்லை. எங்கள் ஊரில் வையுங்கள் என்று ஊர் ஜனங்கள் 11,000 டாலர் வசூல் செய்து கொடுத்து அழைத்துக்கொண்டார்கள். "வால்பரைஸோ ஆண் பெண் கல்லூரி" என்று பெயர். ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கலாம் என்பதே அந்தக் காலத்து அமெரிக்காவில் ஒரு புதுமை. செப்டம்பர் 21-ந் தேதி கதவு திறந்தபோது 75 பேர் வந்தார்கள். ஒரு பருவத்துக்குச் சம்பளம் 8 டாலர். வெளியே தங்கிச் சாப்பிட வாரம் 2 டாலர்.

இரண்டே வருஷத்தில் உள்நாட்டு யுத்தம் மூண்டது. வாலிபர்கள் படைக்குப் போனார்கள். யுத்தம் முடிந்து மூச்சு விடுவதற்குள், சர்க்கார் பணத்தில் இலவசப் பள்ளிக்கூடங்கள் பரவின. சம்பளம் கட்டிப் படிக்க ஆள் குறைந்தது. 1871-ல் கல்லூரியை இழுத்து மூடிவிட்டார்கள். கணக்குப் புத்தகத்தின் முதல் பாகம் இதோடு முடிகிறது.

1873-ல் ஹென்றி பேக்கர் பிரௌன் என்ற இளைஞர் வந்தார். பூட்டிக் கிடந்த கட்டிடத்தை எடுத்துக்கொண்டு, ஆசிரியப் பயிற்சியும் வர்த்தகமும் கற்றுத் தரும் பள்ளியாக அதைத் திறந்தார். வந்து சேர்ந்தவர்கள் 35 பேர். 1881-ல் ஆலிவர் பெர்ரி கின்ஸி என்பவர் அவருக்குக் கூட்டாளியானார். இந்த இருவரும் செய்த காரியத்தை நினைத்தால் எனக்கு நமது ஊர் ஹோட்டல் முதலாளிகள் ஞாபகம்தான் வருகிறது. விலையைக் குறை, கூட்டம் தானாக வரும். இதுதான் அவர்களுடைய சூத்திரம். நுழைவுப் பரீட்சை கிடையாது. குடியானவன் பிள்ளை அறுவடை முடிந்து வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். பணம் தீர்ந்துவிட்டதென்று ஊருக்குப் போய், சம்பாதித்துக்கொண்டு திரும்பி வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். ஆடம்பரம் இல்லாத அறை, மலிவான சாப்பாடு, காலை முதல் இரவு வரை பாடம்.

"ஏழைகளின் ஹார்வர்ட்" என்று அதற்குப் பெயர் வந்தது. இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் மாணாக்கர் தொகை ஐயாயிரத்தை எட்டியது. எண்ணிக்கையில் ஹார்வர்டுக்கு அடுத்தது நாங்கள்தான் என்று பெருமையடித்துக்கொள்ளும் நிலை. 1879-ல் சட்டக் கல்லூரியும் சேர்ந்திருந்தது. அங்கே 1883-ல் சட்டம் படித்துத் தேறிய ஒருவர்தான் பிற்காலத்தில் நெப்ராஸ்காவின் செனட்டரான ஜார்ஜ் நாரிஸ். டென்னஸி நதித் திட்டத்துக்குப் பிதா என்று அவரைச் சொல்வார்கள். அந்தத் திட்டத்தைப் பார்த்துத்தான் நமது தேசத்தில் 1948-ல் தாமோதர் நதித் திட்டம் ஏற்பட்டது. எட்டணாச் சாப்பாட்டுக் கல்லூரி என்று யாராவது ஏளனம் செய்தால், தாமோதர் அணையைக் காட்டிப் பதில் சொல்லலாம்!

ஆனால் ஒரு விஷயம். அந்தக் கல்லூரிக்கு மூலதன நிதி என்று ஒன்று கிடையாது. மாணாக்கர் கொடுக்கும் சம்பளம் வலது கையில் வந்து இடது கையில் போய்விடும். நமது கோயில்களில் கட்டளை என்று ஓர் ஏற்பாடு உண்டல்லவா? யாரோ ஒரு புண்ணியவான் நிலத்தை எழுதி வைத்திருப்பான். அந்த நிலத்தின் வருமானத்தில் விளக்கு எரியும். நிலத்தை யாரும் தொடக்கூடாது. மேல்நாட்டுச் சர்வகலாசாலைகளின் நிதியும் அதே மாதிரிதான். முதலைத் தொடாமல் வட்டியில் நடத்துவார்கள். அந்தக் கட்டளை இல்லாத கோயிலில், பக்தர் கூட்டம் குறைந்த அன்றைக்கு விளக்கு அணைந்துவிடும்.

அணைந்தும் போயிற்று. 1912-ல் பிரௌன் நோயில் விழுந்தார், 1917-ல் காலமானார். முதல் உலக யுத்தம் மறுபடியும் வாலிபர்களை அழைத்துக்கொண்டது. மாகாண சர்க்கார்களின் சர்வகலாசாலைகள் பெரிதாக வளர்ந்தன. உனக்குப் புத்தகசாலை எவ்வளவு, நிதி எவ்வளவு என்று கேட்டுக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் வழங்கும் சங்கங்கள் கிளம்பின. ஏழைகளின் ஹார்வர்டால் பதில் சொல்ல முடியவில்லை. தலைவர்கள் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள், போனார்கள். போதாததற்கு, 1923-ல் பழைய கல்லூரிக் கட்டிடம் தீப்பிடித்து எரிந்தது. கடன்காரர்கள் வாசலில் நின்றார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒரு வினோதமான வாடிக்கைக்காரர் வந்து சேர்ந்தார்.

கூ கிளக்ஸ் கிளான் என்ற கூட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். வெள்ளை முகமூடி, எரியும் சிலுவை, நடுநிசி ஊர்வலம். நீக்ரோக்களையும் யூதர்களையும் கத்தோலிக்கர்களையும் அந்நிய தேசத்திலிருந்து வந்து குடியேறியவர்களையும் பகைத்த கூட்டம் அது. தெற்குச் சீமையில்தான் அவர்களுக்குச் செல்வாக்கு என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். 1920-களில் அவர்கள் மிகவும் கொழுத்திருந்த மாகாணங்களில் முதன்மையானது வடக்கே இருந்த இண்டியானா. 1923-ல் அவர்கள் வால்பரைஸோவை விலைக்குக் கேட்டார்கள். கடனை அடைக்கிறோம், நிதி வைக்கிறோம், நூற்றுக்கு நூறு அமெரிக்கக் கல்வி தருகிறோம் என்றார்கள். நிர்வாகிகளும் பேச்சு வார்த்தை நடத்தினார்கள். பத்திரிகைகளில் செய்தி வந்தது.

இந்த இடத்தில் நிர்வாகிகளைத் திட்டுவது சுலபம். ஆனால் கடனில் மூழ்கிக்கொண்டிருக்கிற குடும்பத் தலைவனை நான் பல கதைகளில் எழுதியிருக்கிறேன். பெண்ணை யாருக்குக் கொடுக்கிறோம் என்பதைவிட, வரதட்சிணை கேட்காதவன் ஒருவன் வந்தானே என்ற எண்ணம்தான் அவன் மனத்தில் முதலில் எழும். மாப்பிள்ளையின் குணத்தைப் பற்றிப் பிறகு யோசித்துக்கொள்ளலாம்! அதுதான் கடனின் கொடுமை. கடன் மனிதனுடைய கையைக் கட்டுவதற்கு முன்னால் கண்ணைக் கட்டிவிடுகிறது.

நல்ல வேளையாக, மாப்பிள்ளையிடம் பணம் இல்லை. வாய்ச் சவடால்தான் இருந்தது. வியாபாரம் முறிந்தது. இரண்டு வருஷம் கழித்து, 1925-ல், இண்டியானா கிளானின் பழைய தலைவர் ஸ்டீபன்ஸன் ஒரு பெண்ணின் கொலைக்காகத் தண்டிக்கப்பட்டுச் சிறைக்குப் போனார். கூட்டமும் சிதறியது. பணம் மட்டும் அன்றைக்கு அவர்கள் கையில் இருந்திருந்தால்? நாவலாசிரியன் இந்தக் கேள்வியை வாசகருக்கு விட்டுவிட வேண்டியதுதான்.

அதே 1925-ல் தான் லுத்தரன்கள் வந்தார்கள். லுத்தரன் சபை நமக்கு அந்நியம் அல்ல. 1706-ல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஸீகன்பால்கு அந்தச் சபையைச் சேர்ந்தவர்தான். வால்பரைஸோவை வாங்கியவர்களில் பெரும்பாலோர் மிஸௌரி லுத்தரன் சபையார். ஜெர்மனியிலிருந்து குடியேறியவர்களின் சந்ததியார். அதே சபையின் ஊழியர்கள்தான் 1895-ல் நமது கிருஷ்ணகிரியில் ஊழியம் தொடங்கினார்கள். ஆம்பூரில் கன்கார்டியா பள்ளியைத் தெரிந்தவர்களுக்கு இந்த உறவு தெரியும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கல்லூரியை வாங்கியது சபை அல்ல. பாதிரியார்களும் சாதாரணச் சபையாரும் சேர்ந்து "லுத்தரன் சர்வகலாசாலைச் சங்கம்" என்று தனியாக ஒன்றை அமைத்து அதன் பெயரில் வாங்கினார்கள். இதனால் ஒரு சௌகரியம், ஓர் அசௌகரியம். என்ன கற்பிக்க வேண்டும் என்று சபை உத்தரவிட முடியாது என்பது சௌகரியம். பணம் வேண்டும் என்று சபையிடம் உரிமையோடு கேட்க முடியாது என்பது அசௌகரியம். சுதந்திரம் என்பதற்கு விலை எப்போதும் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டுவதுதான். ஊர் ஊராகச் சபைகளுக்குப் போனார்கள். பிற்பாடு பெண்மணிகள் "கில்டு" என்று சங்கம் வைத்து, ஊருக்கொரு கிளை அமைத்து, சிறுகச் சிறுகச் சேர்த்தார்கள். கோடீசுவரன் ஒருவன் ஒரே கையெழுத்தில் கொடுத்த கல்லூரி அல்ல அது.

1929-ல் அங்கீகாரம் கிடைத்தது. அதே வருஷத்தில் நியூயார்க் பங்கு மார்க்கெட் கவிழ்ந்தது! ஆனாலும் பெருமந்தத்தின் வருஷங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு கடந்துவிட்டார்கள். 1940-ல் ஓ. பி. கிரெட்ஸ்மன் தலைவரானார். பாதிரியார்; வாலிபர் சங்கத்தில் வேலை செய்து பழகியவர்; பத்திரிகையில் அழகாக எழுதுகிறவர். 1968 வரை இருபத்தெட்டு வருஷம் அவர் அந்த நாற்காலியில் இருந்தார்.

அவர் காலத்து மாணாக்கர்களைப் பற்றி இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும்.

முதலாவது, பரீட்சை. 1940-களில் மாணாக்கர்கள் தாங்களாகவே ஒரு கௌரவ விதியைக் கொண்டுவந்தார்கள். காப்பி அடிக்கவில்லை, அடிக்க உதவவில்லை, அடிப்பவரைக் கண்டும் காணாமல் இருக்கவில்லை என்று தங்கள் வேலையின் மேல் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். மீறினவரை விசாரிப்பதும் மாணாக்கர் சபைதான். வாத்தியார் முறைத்துக்கொண்டு நடை போட வேண்டியதில்லை. நமது பரீட்சைக் கூடங்களை நினைத்துக்கொண்டு இதைப் படித்தால் கொஞ்சம் பெருமூச்சு வரும்.

இரண்டாவது செய்தி அதைவிடப் பெரியது. இரண்டாவது உலக யுத்தம் முடிந்து, படையிலிருந்து திரும்பிய வாலிபர்கள் படிக்க வந்தார்கள். எஞ்ஜினீயரிங் படிப்பின் ஆரம்ப வருஷங்களை மட்டும்தான் வால்பரைஸோவில் படிக்கலாம். முடிப்பதற்கு வேறு சர்வகலாசாலைக்குப் போக வேண்டும். இங்கேயே முடிக்க வேண்டும் என்று மாணாக்கர்கள் கேட்டார்கள். ஆய்வுக்கூடம் வேண்டுமே, கட்டிடத்துக்குப் பணம் எங்கே என்றார் தலைவர். கட்டிடம்தானே? நாங்களே கட்டிக்கொள்கிறோம் என்றார்கள் பையன்கள். கட்டியும்விட்டார்கள். பாடம் இல்லாத நேரங்களில் செங்கல் சுமந்து, கலவை கலந்து, கம்பி கட்டி எழுப்பினார்கள். 1951-ல் "நம்பிக்கையின் துணிகரம்" என்று பொருள்படும் தலைப்பில் இதை ஒரு சினிமாப் படமாகவே எடுத்தார்கள். நன்கொடை கேட்கப் போகிறவர்களுக்கு அதைவிட நல்ல விளம்பரம் ஏது?

1956 நவம்பரில் ஆராதனை நடந்துவந்த அரங்கமும் எரிந்து போயிற்று. தீக்கும் அந்தக் கல்லூரிக்கும் அப்படி ஓர் உறவு! அதற்குப் பதிலாக 1959-ல் உயிர்த்தெழுதல் ஆலயம் எழுந்தது. அமெரிக்கக் கல்லூரி ஆலயங்களில் மிகப் பெரியவற்றுள் ஒன்று. சின்னக் கல்லூரிக்கு இவ்வளவு பெரிய ஆலயமா என்று கேட்டவர்கள் இருந்திருப்பார்கள். தஞ்சாவூர்க்காரர்கள் அந்தக் கேள்வியைக் கேட்கமாட்டார்கள்.

விளையாட்டைச் சொல்லாமல் விட்டால் மாணாக்கர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். 1998 மார்ச் 13-ந் தேதி, தேசியக் கூடைப்பந்துப் போட்டியில், மிஸிஸிப்பி சர்வகலாசாலையோடு ஆட்டம். பாக்கி இருந்தது இரண்டரை விநாடி. பிரைஸ் ட்ரூ என்ற மாணாக்கர் தொலைவிலிருந்து எறிந்த பந்து வளையத்தில் விழுந்தது. 70-க்கு 69! பயிற்சியாளர் அவருடைய தகப்பனாரே. தேசம் முழுவதும் அந்தக் குட்டிக் கல்லூரியின் பெயரை உச்சரிக்கக் கற்றுக்கொண்டது அன்றுதான்.

அந்த அணியின் பெயரிலேயே ஒரு சரித்திரம் இருக்கிறது. முதலில் ஜெர்மானியக் குதிரைப்படையின் பெயரான "ஊலான்கள்". ஹிட்லரோடு யுத்தம் வந்ததும் 1942-ல் "சிலுவைப் போர் வீரர்கள்" என்று மாற்றினார்கள். 2021-ல் அதையும் விட்டுவிட்டார்கள். கிளான் போன்ற துவேஷக் கூட்டங்கள் அந்தச் சின்னத்தைச் சுமந்து திரிகின்றன என்பது சொல்லப்பட்ட காரணங்களில் ஒன்று. இப்போது "கலங்கரை விளக்குகள்" என்று பெயர். 1923-ல் எந்தக் கூட்டத்தாரிடம் கல்லூரியையே கொடுக்கப் பேசினார்களோ, அந்தக் கூட்டத்தாரின் நிழல் பட்டது என்பதற்காக ஒரு பெயரையே கைவிட்டார்கள். நூறு வருஷத்தில் ஒரு ஸ்தாபனம் வளரத்தான் செய்கிறது.

ஆனால் கணக்குப் புத்தகம் மறுபடியும் மெலிந்தது. அமெரிக்காவில் சின்னத் தனியார் கல்லூரிகளுக்கெல்லாம் இது கஷ்ட காலம். பிள்ளைகள் தொகை குறைகிறது, செலவு ஏறுகிறது. 1879-ல் பிறந்த சட்டக் கல்லூரி 2020-ல் மூடப்பட்டது. 2023-ல் மொத்த மாணாக்கர் ஏறக்குறைய மூவாயிரம். புது மாணாக்கர் தங்கும் விடுதிகள் பழசாகிவிட்டன. நல்ல அறை இல்லாவிட்டால் பிள்ளை வேறு கல்லூரிக்குப் போய்விடுவான். அப்போது நிர்வாகத்தின் பார்வை கலைக்கூடத்துச் சுவரில் விழுந்தது.

அந்தச் சுவரின் கதை இது. சிக்காகோவில் பெர்ஸி ஸ்லோன் என்று ஒரு பள்ளிக்கூடச் சித்திர வாத்தியார் இருந்தார். அவருடைய தகப்பனார் ஜூனியஸ் ஸ்லோன் ஓவியர். தகப்பனாரின் படங்களையும், அமெரிக்க ஓவியங்களை வாங்குவதற்குப் பணத்தையும் மகன் விட்டுச் சென்றார். 1953-ல் அது வால்பரைஸோவுக்கு வந்தது. நான் முன்னால் சொன்ன கட்டளை என்பது இதுதான். அந்தப் பணத்தில் 1962-ல் ஜார்ஜியா ஓகீஃப் 1930-ல் தீட்டிய செம்மண் குன்றுகளின் ஓவியத்தை 5,700 டாலருக்கு வாங்கினார்கள். 1967-ல் சைல்ட் ஹாஸமின் ஓவியம் ஒன்றை 9,000 டாலருக்கு வாங்கினார்கள். ஃபிரெடெரிக் சர்ச் வரைந்த மலைக் காட்சி ஒன்று ஸ்லோனின் நன்கொடையிலேயே வந்தது. அறுபது வருஷம் கழித்து ஓகீஃப் படம் ஒன்று மட்டும் ஒன்றரைக் கோடி டாலர் பெறும் என்றார்கள். மூன்றையும் விற்று விடுதியைப் புதுப்பிக்கலாம் என்று 2023-ல் முடிவு செய்தார்கள்.

பெரிய ரகளை ஆயிற்று. கலைக்கூடத்தின் முதல் பொறுப்பாளர் ரிச்சர்ட் பிரௌவர். கூடத்துக்கே அவர் பெயர்தான். விற்றால் என் பெயரை எடுத்துவிடுங்கள் என்றார் அந்தக் கிழவர். படம் விற்ற பணத்தைப் படத்துக்குத்தான் செலவிட வேண்டும் என்பது கலைக்கூடங்களின் தர்மம் என்று கலைக்கூடச் சங்கங்கள் கண்டித்தன. வழக்குக் கோர்ட்டுக்குப் போயிற்று. அங்கேதான் ஒரு வேடிக்கை. பழைய சம்பிரதாயப்படியான ஓவியங்களையே வாங்க வேண்டும் என்பது ஸ்லோன் கட்டளையின் நிபந்தனை. ஓகீஃபும் ஹாஸமும் நவீனப் பாணி. ஆகவே அந்த நாளில் வாங்கியதே நிபந்தனைக்கு விரோதம் என்று வாதித்தது சர்வகலாசாலை! அறுபது வருஷம் சுவரில் மாட்டிப் பெருமைப்பட்டுவிட்டு, விற்க வேண்டிய அன்றைக்குத்தான் நிபந்தனை ஞாபகம் வந்தது. 2024-ல் கோர்ட்டார் விற்பதற்கு அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

யார் பக்கம் நியாயம்? ஓவியத்தின் பக்கம் நின்றுவிட எனக்கு ஆசைதான். ஆனால் ஒழுகும் அறையில் படுத்திருக்கும் பிள்ளையிடம் போய், சுவரில் ஒன்றரைக் கோடி டாலர் தொங்குகிறது, பார்த்து ஆனந்தப்படு என்று சொல்ல எனக்குத் துணிவு வராது. பிரௌனும் கின்ஸியும் இருந்திருந்தால் யோசிக்காமல் விற்றிருப்பார்கள். அவர்களுக்கு அறையும் சாப்பாடும்தான் கல்லூரி.

என் மனத்தை உறுத்துவது வேறு. பணக்கஷ்டம் வந்த ஒவ்வொரு தடவையும் அந்தக் கல்லூரியைக் காப்பாற்றியது என்ன? ஊர் ஜனங்களின் 11,000 டாலர். ஊர் ஊராகப் பெண்மணிகள் சேர்த்த சில்லறை. மாணாக்கர் சுமந்த செங்கல். இவற்றையெல்லாம் கொடுத்தவர்கள் ஒரே ஒரு நம்பிக்கையில் கொடுத்தார்கள்: எதற்காகக் கொடுக்கிறோமோ அது அதற்காகவே இருக்கும் என்ற நம்பிக்கை. கட்டிடம் எரிந்தால் மறுபடி கட்டலாம். நான்கு வருஷத்துக்குள் ஆலயமே கட்டினார்களே! ஆனால் அடுத்த சித்திர வாத்தியார் உயில் எழுத உட்காரும்போது அவர் பேனா ஒரு விநாடி தயங்குமானால், அந்தத் தயக்கத்தின் விலையை எந்த ஏலத்தில் மதிப்பிடுவது?

விடுதியில் புது மாணாக்கர்கள் சுகமாகத் தூங்கட்டும். அதை யாரும் குறை சொல்ல வேண்டாம். அவர்களில் ஒருவராவது, நாம் படுத்திருக்கும் இந்த அறை ஒரு பள்ளிக்கூட வாத்தியாரின் கட்டளை என்பதைத் தெரிந்துகொண்டு, சம்பாதிக்கத் தொடங்கிய பிறகு ஒரு படமாவது வாங்கி அந்தச் சுவரில் மாட்ட வேண்டும். பெர்ஸி ஸ்லோனின் கணக்கு அன்றைக்குத்தான் தீரும்.